பாசி, மிளகாய், சோலார்: ராம்நாடு கடலோரத்துல இருந்து வந்த கேள்விகள்

கேள்வி: தொண்டி பக்கம் எங்க குழு கடல்பாசி வளக்குறோம். யாவாரி சொல்றதுதான் வெலை. புதுசா என்ன செஞ்சா நிமிரலாம்?

அக்கா, காயப்போடுறதுல இருந்து ஆரம்பிங்க. பத்து கிலோ பச்சைப்பாசி காஞ்சா சுமாரா ஒரு கிலோதான் தேறும், அதுலயும் மண்ணும் ஈரமும் இருந்துச்சுன்னா அதைச் சொல்லியே வெலையக் கொறைச்சிருவாங்க. மணல்ல பரப்பாம கம்பு நட்டு வலை கட்டி அதுமேல போடுங்க, குழு காசுல ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கிட்டா பேரத்துல உங்க கையிலயும் ஒரு நம்பர் இருக்கும். அடுத்து சாறு. பச்சையா பிழிஞ்சா வர்ற சாறு பயிருக்குத் தெளிக்கிற உரம், மிச்ச சக்கையில கேரஜீனன்னு, சாப்பாட்டுப் பொருளைக் கெட்டியாக்கச் சேக்குற பொருளை எடுக்கலாம், அதாவது ஒரே பாசிக்கு ரெண்டு வருமானம். இந்த டெக்னிக் குஜராத் பாவ்நகர்ல இருக்குற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தோடது, அவங்களுக்கு மண்டபத்துலயே ஸ்டேஷன் இருக்கு, நாலஞ்சு குழு சேந்து போய்க் கேளுங்க. வலமாவூர்ல 127 கோடி ரூபா திட்டத்துல வர்ற பாசிப் பூங்காவுலயும் இந்த மாதிரி வேலைக்கு எடம் கேட்டு இப்பவே மனு குடுங்க, கட்டி முடிச்சப்புறம் போனா வெளியூர் கம்பெனிதான் உள்ள இருக்கும். ஒண்ணு மட்டும், தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா தீவுப்பக்கம் பாசி வளக்குற மிதவை போட்றாதீங்க. அங்க குருசடை தீவுல, சாறும் கேரஜீனனும் எடுக்குற இந்தக் கப்பாபைகஸ் பாசி பவளப்பாறை மேல படர்ந்து மூடினதை ஆராய்ச்சியாளருங்க பதிவு பண்ணிருக்காங்க, பாறை போனா மீனும் போயிரும்.

கேள்வி: குண்டு மிளகாய்க்கு புவிசார் குறியீடு கெடச்சும் வெலை ஏறலையே?

2023-ல கெடச்சது பேருக்கான பாதுகாப்பு, வாங்குற ஆள் தானா வரமாட்டாரு தம்பி. சொத்தை வத்தலைப் பிரிச்சு, தார்ப்பாய்ல காய வச்சு, பூஞ்சை நச்சு டெஸ்ட் ரிப்போர்ட்டோட உழவருங்க சேந்து நடத்துற உற்பத்தியாளர் கம்பெனி பேர்ல மொத்தமா வித்தாதான் ஏறும்.

கேள்வி: கமுதி சோலார் மாதிரி பெருசா வந்தாத்தான மாவட்டம் முன்னேறும்?

648 மெகாவாட், 2016-ல வந்துச்சு, பெரிய விஷயந்தான். ஆனா கட்டி முடிச்சதும் நிரந்தர வேலை ரொம்பக் கொஞ்சம், ஏன்னா பேனல் செய்யுற தொழில் இங்க இல்ல. மண்டபம் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்க, 2010-ல இந்தியாவுலயே முதல்முறையா கடல் விரால்ங்கிற கோபியா மீனை முட்டையிட வச்சு குஞ்சு எடுத்தாங்க, அந்தக் குஞ்சுகளைக் கடல்ல கூண்டுக்குள்ள விட்டு வளக்குறதால கூண்டு கட்டுறவங்க, வலை தைக்கிறவங்க, தீவனம் போடுறவங்கன்னு நம்மாளுக கைக்கு வேலை வருது. வேற ஊர்க்காரன் சுலபமா காப்பியடிக்க முடியாதது அதுதான். கலெக்டர் குறைதீர்ப்பு நாளுக்குப் போனா சோலார் ரிப்பேருக்கும் கூண்டு மீன் வளர்ப்புக்கும் ஐடிஐல கோர்ஸ் கேட்டு எழுதிக் குடுங்க.