வாசகர் கேள்வி: பைக்கிலிருந்து கூரை திறக்கும் காருக்கு மாறலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 57. கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் வசிக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மோட்டார் சைக்கிளில் நீண்ட பயணங்கள் போய் வருகிறேன். பெரும்பாலும் என் மனைவியும் பின்னால் அமர்ந்து வருவார். சென்ற ஆண்டு அவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இனி பைக்கில் ஏறி இறங்குவதும், காலை மடக்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்து வருவதும் அவருக்கு இயலாது. அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் புறப்பட மனம் வரவில்லை. ஆகவே கன்வெர்ட்டிபிள் கார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். மாஸ்டா மியாட்டா எனக்குப் பிடித்திருக்கிறது. பைக் தந்த அனுபவம் அதில் கிடைக்குமா? நெடும்பயணத்துக்கு ஒத்துவருமா? பைக்கை விற்றுவிடலாமா?
— ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வளைவில் உடலைச் சாய்த்து, வண்டியோடு வண்டியாகத் திரும்பும் அந்த உணர்வு எந்தக் காரிலும் கிடைக்காது. நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே புகுந்து முன்னேறும் வசதியும் போய்விடும். கலிபோர்னியாவில் 2017 முதல் சட்டமே அனுமதிக்கும் அந்த உரிமையை இழந்து, வெயிலில் மற்ற கார்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் சாலையின் வாசமும் குளிரும் வெளிச்சமும் அப்படியே இருக்கும். கில்ராயைக் கடக்கும்போது வரும் பூண்டு வாசம், சான்டா குரூஸ் மலையில் ரெட்வுட் மரநிழலுக்குள் நுழைந்ததும் சட்டென்று இறங்கும் குளிர், கடலோரத்தில் முகத்தில் வந்து படியும் மூடுபனியின் ஈரம் எல்லாம் கூரை திறந்த காரிலும் உங்களைத் தேடி வரும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முதுகுவலியால் நானும் இப்படி மாறியவன்தான். முதல் ஆறு மாதமும் ஒவ்வொரு வளைவிலும் காரை பைக்கோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். பிறகு ஒரு பிப்ரவரி மாதம் பிக் சர் கடலோரச் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த என் மனைவி, "அதோ, அங்கே பாருங்கள், தண்ணீர் பீய்ச்சுகிறது" என்றார். சாலையோர ஒதுக்கிடத்தில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே இருபது நிமிடம் சாம்பல் திமிங்கிலங்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பைக்கில் போன காலத்தில் அவர் என் தோளைத் தட்டுவார். நான் திரும்புவதற்குள் அந்த இடம் பின்னால் போயிருக்கும். தலைக்கவசத்தில் இன்டர்காம் இருந்தும், காற்றின் இரைச்சலில் பாதிப் பேச்சு தேய்ந்துவிடும். அத்தனை ஆண்டுகள் அவர் பார்த்த சாலை வேறு, நான் பார்த்த சாலை வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்கள் இந்தக் காரை வாங்க நினைப்பதே உங்கள் மனைவிக்காகத்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அதே காரணத்தால்தான் மியாட்டாவைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 1989இல் அறிமுகமான நாளிலிருந்து எடை குறைந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட கார் என்ற இயல்பை அது விடவில்லை; இப்போதைய வடிவமும் ஏறத்தாழ 1,060 கிலோதான். பைக்கில் பழகிய கைக்கு இந்த இலகுத்தன்மை மிகவும் பிடிக்கும். ஆனால் அதன் மொத்த உயரமே சுமார் 1.23 மீட்டர். இருக்கை தரையை ஒட்டி இருப்பதால், உட்காரும்போது முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். எழும்போது உடல் எடை முழுவதும் அந்த மூட்டின் மேல் வரும். ஓட்டிப் பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கூரையைத் திறந்து வைத்து, அவர் காருக்கு முதுகைக் காட்டியபடி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுக்கட்டும். இறங்கும்போது இரண்டு கால்களையும் வெளியே ஊன்றிய பிறகு எழட்டும். கூரையை மூடிக்கொண்டும் இதையே செய்து பாருங்கள், ஏனென்றால் மழை நாளில் தலையையும் குனிய வேண்டியிருக்கும். ஒருமுறை செய்து பார்த்தால் போதாது. ஒரு நாள் பயணத்தில் ஐந்தாறு முறையாவது ஏறி இறங்க நேரும் என்பதை மனதில் வைத்து அத்தனை முறையும் செய்து பார்க்கட்டும். அவருக்குப் பயிற்சி அளித்த பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிடுங்கள். வலி தெரிந்தால் மியாட்டாவை மறந்துவிட்டு, ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் போல இருக்கை சற்று உயர்ந்த, கால் நீட்ட இடமுள்ள காரைப் பாருங்கள். அது எடை கூடியது, மலைச்சாலையில் அவ்வளவு துள்ளலாக இருக்காது. ஆனால் வாடகைக்கு எளிதில் கிடைப்பதால், வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதி முழுவதும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

பெட்டி வைக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். மியாட்டாவின் டிக்கி 130 லிட்டர்தான் என்று கேட்டால் கார்க்காரர்கள் மிரண்டு போவார்கள். பக்கப் பெட்டிகள் இரண்டும் பின்பெட்டி ஒன்றுமாக நூறு லிட்டர் சொச்சத்தில் பத்து நாள் பயணம் போனவருக்கு அது தாராளம். துணிகளைச் சுருட்டி அடுக்கும் வித்தை உங்களுக்குத் தெரியும். கடினமான பெட்டிகளை விட்டுவிட்டு மென்மையான பைகளை எடுத்துக்கொள்ளுங்கள், அவை எந்த மூலையிலும் அடங்கும். மாற்றுச் சக்கரம் அதில் கிடையாது, டயரை ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் கருவியும்தான் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பைக் ஓட்டிகள் கவனிக்கத் தவறுவது வெயிலைத்தான். இருபது ஆண்டுகளாகத் தலைக்கவசமும் ஜாக்கெட்டும் உங்களை மூடியிருந்தன. காரில் அவை இரண்டும் இல்லை. காற்று குளிர்ச்சியாக வீசுவதால் தோல் எரிவது அப்போது தெரியாது, மாலையில்தான் தெரியும். டயோகா கணவாய் போல 3,000 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிரின் தாக்கமும் கூடுதல். இருவருமே சன்ஸ்கிரீன் தடவி, காற்றில் பறக்காத தொப்பி அணிந்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் கூரை திறந்திருந்தால் இரைச்சலும் காதைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இருக்கைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பானை நிறுத்தினால் பெரிதும் குறையும். நீண்ட தூரத்துக்கு காதடைப்பான் இன்னும் நல்லது. மரணப் பள்ளத்தாக்கு போன்ற பாலைவனப் பகுதிகளில் விடியற்காலை ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் கூரையைத் திறந்துவிட்டு, பிறகு மூடி ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கும் காற்றில் ஜாக்கெட்டுக்குள் வெந்துகொண்டே ஓட்டிய நாள்களுக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்கே தெரியும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஒரே தூரத்துக்குக் கணக்கிட்டால், மோட்டார் சைக்கிளில் உயிரிழக்கும் அபாயம் காரில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். கூரை திறக்கும் கார்கள் மற்ற கார்களைவிட ஆபத்தானவை அல்ல என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அமைப்பான ஐஐஎச்எஸ் (IIHS) 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனாலும் பெரிய விபத்தில் வெளியே தூக்கியெறியப்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், சீட் பெல்ட் இல்லாமல் நூறடிகூட நகராதீர்கள்.

பழைய மியாட்டா வாங்குவதாக இருந்தால் எஞ்சினுக்கு முன் கூரையைப் பாருங்கள். துணி மடிந்து இறங்கும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைநீர் வடிவதற்கான வழிகள் உண்டு. இலையும் பைன் ஊசியும் அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழ் உள்ள தகட்டுக்குள் தேங்கி, உள்ளிருந்தே துரு அரித்துவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். எனவே கம்பளத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரமோ புழுங்கிய வாடையோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 1997 வரை வந்த முதல் தலைமுறைக் கார்களில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதை இறக்கிவிடாமல் கூரையை மடித்தால் மடிப்பு விழுந்து விரிசல் விடும். எந்த ஆண்டுக் காரானாலும் ஈரக் கூரையை மடித்து வைக்காதீர்கள், உயர் அழுத்த நீரால் கழுவாதீர்கள்.

பைக்கை இப்போதே விற்க வேண்டாம். நான் கார் வந்த வாரமே விற்றுவிட்டு, ஓராண்டு வருந்தினேன். ஸ்கைலைன் சாலையில், பைக் ஓட்டிகள் கூடும் ஆலிஸ் ரெஸ்டாரன்ட் முன்னால் வரிசையாக நிற்கும் வண்டிகளைக் காரிலிருந்து பார்த்தபோது மனம் கனத்தது. ஒரு முழு ஆண்டு இரண்டையும் வைத்திருங்கள். மனைவி வர விரும்பாத ஞாயிறு காலைகளில் பைக்கை எடுங்கள். அந்த ஆண்டில் எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதே விற்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்லிவிடும்.

முதல் பயணத்தை ஒரே பகலில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கில்ராய் வழியாக மான்டரே, அங்கிருந்து கார்மெல், பிறகு 1932இல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலம் வரை போய்த் திரும்பினால் போதும். அதற்குத் தெற்கே நிலச்சரிவால் சாலை அடிக்கடி மூடப்படுவதால், புறப்படும் முன் கலிபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மணிக்கொரு முறை நிறுத்தி, உங்கள் மனைவி இறங்கி நாலடி நடக்கட்டும். ஜூலையானாலும் கடலோரத்தில் குளிரும். இருவர் முழங்காலையும் மூடும் அளவுக்கு ஒரு கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு, ஹீட்டரைக் காலடியில் வீசும்படி வையுங்கள். கூரையை மூடத் தேவையே இருக்காது.