பகுதியில் என்ன எண்? – மக்கள் நலக் கணக்கு, கேள்வி பதில்

உடல்நலத்துக்கு எத்தனை பரிமாணம் சார்? மூன்றா, ஆறா, எட்டா? தேர்வு வருகிறது.

1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில் மூன்று: உடல், மனம், சமூகம். மீதியெல்லாம் பின்னால் சேர்த்தவை. பாடநூலுக்குப் பாடநூல் மாறும். உங்கள் பாடத்திட்டத்தில் உள்ளதை எழுதுங்கள்.

2020 எஸ்.ஆர்.எஸ். (அரசின் மாதிரிப் பதிவு முறை) அறிக்கையில் ஆயிரம் பேருக்கு இறப்பு கேரளாவில் 7.0, பீகாரில் 5.4. அப்படியென்றால் பீகார்தான் ஆரோக்கியமான மாநிலமா?

இல்லை. அதே ஆண்டின் சிசு மரண விகிதத்தையும், அதாவது ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் எத்தனை சாவு என்பதையும் பாருங்கள்: கேரளா 6, பீகார் 27. நீங்கள் சொன்னது குரூட் டெத் ரேட். மொத்தச் சாவை மொத்த ஜனத்தொகையால் வகுத்தது, அவ்வளவுதான். பகுதியில், அதாவது கீழே வகுக்கும் எண்ணில், கிழவர் எத்தனை, குழந்தை எத்தனை என்று அது கேட்பதில்லை.

தலா ஆயிரம் பேர் உள்ள இரண்டு ஊர்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். முதல் ஊரில் முதியவர் 100, மற்றவர் 900. முதியவரில் ஆயிரத்துக்கு 50 பேர், மற்றவரில் ஆயிரத்துக்கு 2 பேர் சாகிறார்கள். ஆக 5 + 1.8 = 6.8. இரண்டாம் ஊரில் முதியவர் 30 பேர்தான், மற்றவர் 970. அங்கே முதியவர் சாவு ஆயிரத்துக்கு 70, மற்றவர் சாவு 3. ஆக 2.1 + 2.9 = 5.0. இரண்டு வயதுப் பிரிவிலும் இரண்டாம் ஊர்தான் மோசம். ஆனாலும் மொத்தக் கணக்கில் நல்ல பெயர் அதற்கே.

இதைச் சரிசெய்ய இரண்டு ஊருக்கும் ஒரே வயதுக் கலவையைக் கொடுக்க வேண்டும். முதியவர் 50, மற்றவர் 950 என்று வையுங்கள். முதல் ஊர் 2.5 + 1.9 = 4.4. இரண்டாம் ஊர் 3.5 + 2.85 = 6.35. வரிசை தலைகீழாகிவிட்டதா? வயதுச் சீராக்கம் என்பது இதுதான். கேரளாவில் முதியவர் பங்கு அதிகம், பீகாரில் குறைவு. 7.0-க்கும் 5.4-க்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்த வித்தியாசமே.

எங்கள் மாவட்டம் சுகாதாரத்தில் எத்தனையாவது இடம்?

எதில்? குழந்தை மரணத்திலா, ரத்த அழுத்தத்திலா, மனநலத்திலா? ஒரே வரிசை கிடையாது.

இந்தியாவின் சராசரி ஆயுள் 70 என்கிறார்கள். எனக்கு 68. இரண்டு வருஷம்தானா?

கவலை வேண்டாம். 2016–20 கணக்கில் வந்த அந்த 70, பிறக்கும் குழந்தைக்கு. அந்த ஆண்டுகளின் இறப்பு விகிதமே கடைசிவரை நீடித்தால் சராசரியாக எவ்வளவு வாழும் என்ற கணக்கு. சின்ன வயதிலேயே போனவர்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். 60-ஐத் தாண்டியவருக்கு மிச்ச ஆயுள் பத்து அல்ல, சராசரியாகச் சுமார் 18 வருஷம். உங்களுக்கு 68-லிருந்து தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை, ஜனத்தொகை 30,000. போன வருஷம் 420 பிறப்பு, 4 சிசு மரணம். இந்த வருஷம் 415 பிறப்பு, 8 மரணம். 9.5-லிருந்து 19.3. இரட்டிப்பாகிவிட்டது என்று கூட்டத்தில் குடைகிறார்கள் சார்.

நான்கு எட்டானதை வைத்து யாரையும் குடையக் கூடாதம்மா. தோராய விதி ஒன்று சொல்கிறேன்: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி இரு பக்கமும் விடுங்கள். 4 என்பது 0 முதல் 8 வரை. 8 என்பது சுமாராக 2 முதல் 14 வரை. ஒன்றின் மேல் ஒன்று படுக்கிறது. மூன்று வருஷத்தைக் கூட்டிப் போடுங்கள். தாய்மார்களின் பிரசவகால மரண விகிதத்துக்கு எஸ்.ஆர்.எஸ்.காரர்களே மூன்று வருஷத்தைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள்.

அதற்காக எட்டுச் சாவையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றின் காரணத்தையும் தனியே விசாரியுங்கள். விகிதத்தைத்தான் நம்ப வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, பகுதியைப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளின் குழந்தை அந்த ஊர்க் கணக்கில் பிறப்பாக ஏறும். மூன்றாம் மாதம் இங்கே வந்து இறந்தால் சாவு உங்கள் கணக்கில். மேலே ஒன்று கூடுகிறது, கீழே கூடவில்லை. பிக்மி எண்ணை (தமிழ்நாட்டில் கர்ப்பிணியைப் பதியும்போது தரும் எண்) வைத்துப் பிறப்பையும் இறப்பையும் ஜோடி சேருங்கள். சிவில் பதிவு சம்பவம் நடந்த இடத்தில் நடப்பதால், பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில் இரண்டுமே வீங்கியிருக்கும்.

குழந்தைகளுக்கு ரத்தசோகை 2015–16-ல் 58.6 சதவீதம், 2019–21-ல் 67.1. தேசிய குடும்பநல ஆய்வுதான் சொல்கிறது. இத்தனை இரும்புச்சத்து மருந்தும் வீணா?

6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கான எண் அது. எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள்: விரலில் குத்தி ஒரு சொட்டு. 2016–18-ல் நரம்பில் ரத்தம் எடுத்து நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1–4 வயதுக்கு வந்தது 41 சதவீதம்தான். வயது வரம்பு கொஞ்சம் வேறு. ஆனாலும் இவ்வளவு இடைவெளிக்கு அது மட்டும் போதாது.

லேப் டெக்னீஷியன் சார் நான். விரல் நுனி ரத்தமே தப்பு என்கிறீர்களா? ஊர் ஊராகப் போய்க் குழந்தைக்கு நரம்பு தேடச் சொல்வீர்களா?

முறை தப்பில்லை, விரலைப் பிழிவதுதான் தப்பு. கை சூடாக இருக்க வேண்டும், நுனியின் ஓரத்தில் குத்த வேண்டும், முதல் இரண்டு மூன்று சொட்டைத் துடைத்துவிட வேண்டும், அடுத்தது தானாகத் திரண்டு வர வேண்டும். பிள்ளை கத்துகிறது, சொட்டு வரவில்லை என்று பிழிந்தால் திசு நீரும் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். குவெட் (சொட்டை உறிஞ்சிக் கருவியில் வைக்கும் சின்னத் தகடு) ஒரே இழுப்பில் நிறைய வேண்டும், உள்ளே குமிழி கூடாது. டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிக் குவெட்டே கெட்டுப்போகும்.

பிழிதல் 2015–16, 2019–21 இரண்டு ஆய்விலும்தானே இருந்திருக்கும்? பிழை சமம் என்றால் ஏற்றம் நிஜம்.

நல்ல அடி. பிழை சமமாக இருந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது குழுவுக்குக் குழு, பயிற்சிக்குப் பயிற்சி மாறும்.

கண்டபடி சிதறும் பிழைதானே அது? கூட்டிக் கழித்தால் போய்விடாதா?

சராசரியில் போய்விடும், சதவீதத்தில் போகாது. சிதறல் கூடினால், வெட்டுப்புள்ளிக்கு (இதற்குக் கீழே போனால் ரத்தசோகை என்னும் அளவு) கீழே உள்ளவர் பங்கு 50-ஐ நோக்கி நகரும். 41 இருந்தால் ஏறும், 67 இருந்தால் இறங்கும். ஆக வெறும் சிதறலால் 67 வராது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ரத்தம் ஒருபக்கமாக நீர்த்திருக்க வேண்டும், அல்லது நிஜமாகவே ஹீமோகுளோபின் இறங்கியிருக்க வேண்டும். இந்த ஆய்வை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. மருந்து வீண் என்று சொல்ல இது சாட்சியாகாது, பயன்பட்டது என்று சொல்லவும் ஆகாது.

2024-ல் உலக சுகாதார நிறுவனம் நரம்பு ரத்தத்தைப் பரிந்துரைத்ததோடு, 6–23 மாதக் குழந்தைகளின் ஹீமோகுளோபின் வெட்டுப்புள்ளியை 11-லிருந்து 10.5 கிராமாக இறக்கியும்விட்டது. இனி ஒரு பிள்ளைகூட ஒரு கைப்பிடி கீரை கூடுதலாகத் தின்னாமலே சதவீதம் இறங்கும். அன்றைக்குக் கைதட்டும் முன் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்.

என் மகளுக்கு ஹீமோகுளோபின் 10.9 காட்டுகிறது. என்ன மாத்திரை தரலாம்?

டாக்டரிடம் காட்டுங்கள். ஊர்க் கணக்கு வேறு, ஒரு பிள்ளைக்கு வைத்தியம் வேறு.

எங்கள் மாவட்டம் எத்தனையாவது இடம்?

மேலே சொல்லியாயிற்று.

மன நலத்தை எண்ணில் அளக்க முடியுமா?

முடியும். ஐந்தே கேள்வி உள்ள உலக சுகாதார நிறுவனப் படிவம் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் மனம் உற்சாகமாக இருந்ததா, காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்தீர்களா என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வந்துவிடும். 50-க்குக் கீழே என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். நோய் என்று முடிவு கட்டக் கூடாது. வீட்டில் மாமியார் பக்கத்தில் நிற்க மருமகளிடம் கேட்டால் எல்லாம் 5 வரும், தனியாகக் கேளுங்கள்.

சார், மூன்று வருஷம் கூட்டிவிட்டேன். 1,240 பிறப்பு, 18 மரணம். 14.5 வருகிறது.

சரி. வீச்சைப் போட்டால் சுமாராக 8-லிருந்து 21 வரை. உங்கள் 9.5-ம் 19.3-ம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. கூட்டத்தில் அதையே காட்டுங்கள். தாய்வீட்டில் பிறந்த பிள்ளைகளை பிக்மி எண்ணில் தேடி, பகுதியில் சேர்த்தாயிற்றா?