ஏடிஎல் நிரலை பார்ஸ் செய்து எக்ஸ்எம்ஐ கோப்பாக எடுப்பது எப்படி?

கேள்வி: ஏடிஎல்லில் (ஒரு மாடலை இன்னொரு மாடலாக மாற்றும் விதிகளை எழுதும் மொழி) எழுதிய மாடல் டிரான்ஸ்ஃபர்மேஷனை பார்ஸ் செய்துவிட்டேன், அதாவது நிரலைப் படித்துப் பகுத்துவிட்டேன். அதை எக்ஸ்எம்ஐ (மாடல்களைச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்பாக எழுதி வேறொரு டூலுக்குக் கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஏடிஎல் பார்சரிடமிருந்து கிடைப்பதே ஏடிஎல் மெட்டாமாடலின்படி (ஒரு மாடலில் என்னென்ன இருக்கலாம் என்ற வரையறை) அமைந்த ஒரு மாடல்தான். மாடல்களைக் கையாளும் ஜாவா கட்டமைப்பான எக்ளிப்ஸ் ஈஎம்எஃப்பில் அதை ஒரு ரிசோர்ஸில் (ஒரு கோப்புக்கு நிகரான பொருள்) வைத்து சேவ் செய்தால் எக்ஸ்எம்ஐ வந்துவிடும். சில வரி ஜாவா போதும். நேரம் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிளாஸை டேபிளாக மாற்றும் ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்ஐயில் அது பெயரோடு ஒரு எலிமெண்டாக வரும். அதற்குள் உள்ளீட்டு பேட்டர்ன், வெளியீட்டு பேட்டர்ன், அதற்கும் உள்ளே பைண்டிங்குகள் (வெளியீட்டின் ஒரு பண்புக்கு மதிப்பு கொடுக்கும் வரிகள்). கூடவே லொகேஷன் என்று "12:1-18:2" மாதிரி ஒரு மதிப்பு இருக்கும்: 12-ஆம் வரியில் தொடங்கி 18-ஆம் வரியில் முடிகிறது என்று அர்த்தம். அதைத் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். கோப்பை வாங்குகிற டூல் பிழையைச் சரியான வரியில் காட்ட அது ஒன்றுதான் வழி.

இப்போது முக்கியமான விஷயம். பைண்டிங்கில் நீங்கள் எழுதிய பண்பின் பெயர் வெறும் எழுத்தாகத்தான் பதிவாகும். உங்கள் மாடல்களின் மெட்டாமாடலில் இருக்கும் பண்போடு அதற்கு இணைப்பு கிடையாது. அதாவது நீங்கள் கொடுப்பது பார்ஸ் ஆன நிரல், டைப் சரிபார்த்த நிரல் அல்ல. எதிர்த் தரப்பிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு டிரான்ஸ்ஃபர்மேஷன் மொழியான க்யூவிடி ஆபரேஷனலில் நிலைமை வேறு. அங்கே இணைப்புகள் மெட்டாமாடலுக்கே போகும், அதனால் கோப்போடு மெட்டாமாடலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். க்யூவிடி தரநிலையில் எக்ஸ்எம்ஐயாக ஏற்றுமதி செய்ய முடிவது தனி இணக்க வகையாகவே இருக்கிறது.

நான் பட்ட பாடு ஒன்று. விதிகளை மட்டும் பிரித்து ஒரு புது ரிசோர்ஸில் போட்டு சேவ் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால், டைப்புகளின் இணைப்பெல்லாம் மெமரியில் மட்டும் இருந்த பழைய ரிசோர்ஸையே காட்டிக்கொண்டிருந்தது. விதிகளை அப்படிப் பிரிக்காமல் மாட்யூலை முழுசாக, வேறு ரூட் எலிமெண்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தொங்கும் இணைப்பு (எந்த ரிசோர்ஸிலும் இல்லாத எலிமெண்டைக் காட்டும் இணைப்பு) என்று பிழை வந்தால் 'டிஸ்கார்ட்' ஆப்ஷனைப் போட்டு அடக்க வேண்டாம். பிழை போய்விடும், கூடவே இணைப்பும் போய்விடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஈஎம்எஃப் இயல்பாக ஆஸ்கியில் எழுதும், தமிழ் எழுத்துகள் எல்லாம் எண் குறியீடுகளாக மாறிவிடும். என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வையுங்கள். அப்புறம், எலிமெண்டுகளுக்குத் தனி ஐடி கொடுங்கள். இல்லாவிட்டால் இணைப்புகள் "நாலாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை" என்ற கணக்கில் இருக்கும். நடுவில் ஒரு விதியைச் சேர்த்தாலே பழைய கோப்போடு ஒப்பிடும் டிஃப் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

அனுப்பும் முன், புது ஜாவா புராசஸ் ஒன்றில் ஏடிஎல் மெட்டாமாடலை மட்டும் பதிவு செய்து, கோப்பை லோட் செய்து, தீராத புராக்ஸி (இலக்கு கிடைக்காமல் நிற்கும் இணைப்பு) ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.