மகளும் அப்பாவும் ஒரே பாட்டு வகுப்பில் சேரலாமா?

"என் மகளுக்கு 7 வயது. கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்க்க நினைக்கிறோம். எனக்கு 41. எனக்கும் பாடக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை, ஆனால் சின்ன வயதிலேயே 'உனக்குச் சுருதி சேராது' என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஆசிரியரிடம் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாமா? ஆன்லைன் வகுப்பு போதுமா? முதலில் கீபோர்டு பழகினால் சுருதி தானாக வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரே ஆசிரியரிடம் தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து பாடுவது சரிவராது. காரணம் சுருதிதான், அதாவது பாடுகிறவர் தன் பாட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஒலி. நீங்கள் கேட்ட மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். ஆண்குரலுக்குப் பொதுவாக 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் ஏதோ ஒன்று பொருந்தும். ஏழு வயதுக் குழந்தைக்கு 5 கட்டை, ஐந்தரை, 6 என்று வரும். கீபோர்டில் பார்த்தால் 1 கட்டை என்பது சி, ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப். அதாவது உங்கள் ஷட்ஜமும் (ஸ-ரி-க-ம-வில் முதலில் வரும் 'ஸ') உங்கள் மகளின் ஷட்ஜமும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது குழந்தைதான். அது அப்பாவின் சுருதிக்குப் பாட முயன்று, கீழே பாடும்போது குரலே எழாமல் முனகும், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையான தூரம்) மேலே ஏறிக்கொண்டு மேல் ஷட்ஜத்தில் கத்தும். குழந்தைகள் கத்துவதைப் பார்த்து "நல்ல கணீர்க் குரல்" என்று பாராட்டுகிறவர்கள் உண்டு, அது தொண்டையைக் கெடுக்கும் பாராட்டு.

யாருக்கு எந்தக் கட்டை என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். போனில் சுருதியை விடாமல் ஒலிக்கும் ஒரு தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு, ஷட்ஜத்தில் நிதானமாக 'ஆ' என்று நில்லுங்கள். அப்புறம் படிப்படியாக மேல் ஷட்ஜம் வரைக்கும் போங்கள், திரும்பி வந்து கீழே நிஷாதம் (நி), தைவதம் (த), முடிந்தால் பஞ்சமம் (ப) வரைக்கும் இறங்குங்கள். மேலே முகவாய் தூக்காமல், கீழே குரல் கரகரக்காமல் போய்வர முடிந்தால் அதுதான் இப்போதைக்கு உங்கள் கட்டை. ஒரு சில மாதங்களில் அரைக்கட்டை மாறலாம், குழந்தைக்குக் கண்டிப்பாக மாறும். மகன் உள்ள பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பையன்களுக்குக் குரல் உடையும் வயதில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும், அந்தச் சமயத்தில் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை, சுருதியைக் குறைத்து, எட்டாத ஸ்வரங்களை விட்டுவிட்டு, மெதுவாகப் பாடினால் போதும். பெண்களுக்கும் மாறும், ஆனால் அவ்வளவு இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "சுருதி சேராது" என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நாற்பது வயது வரைக்கும் சுமந்துகொண்டிருக்கும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே ஸ்வர வித்தியாசம் காதில் விழாதவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு. நீங்கள் அவர்களில் ஒருவரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தம்பூராவோடு ஷட்ஜம் பிடித்துப் பாடி, அதைப் பதிவு செய்து, ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். விலகியிருப்பது உங்களுக்கே தெரிகிறதா? தெரிந்தால் காதில் குறையில்லை. காது சொல்வதைத் தொண்டை இன்னும் செய்யப் பழகவில்லை, அவ்வளவுதான், அது பயிற்சியில் வரும். ஒருவேளை அன்றைக்கு உங்களைத் தவறான கட்டையில் பாட வைத்திருக்கக்கூட வாய்ப்பிருக்கிறது, வகுப்பில் எல்லாரையும் ஒரே சுருதியில் பாட வைக்கும் இடங்களில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

முதல் மூன்று மாதம் நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். தினமும் பத்து நிமிடம் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு நிற்க வேண்டும். குரல் தம்பூராவோடு கரையும்போது தனியாகக் கேட்காமல் போகும், அந்த உணர்வு ஒருமுறை கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் விலகினால் உங்களுக்கே உறுத்தும். சத்தமாகப் பாடாதீர்கள், தம்பூராவை மீறிப் பாடினால் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாது.

கீபோர்டு பற்றி: ஸ்வரஸ்தானங்கள் எங்கே இருக்கின்றன என்று புரிந்துகொள்ள அது உதவும், கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீபோர்டின் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடுகிறது, சரியான இடத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை காதுக்குக் கிடைப்பதில்லை. வாய்ப்பாட்டுக்கு அந்தத் தேடல்தானே பயிற்சி. தவிர, கமகம் என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குள் அசைந்து, வழுக்கிப் போவது. தனித்தனிக் கட்டைகள் உள்ள வாத்தியத்தில் அது சுலபமாக வராது. மகளுக்குக் கீபோர்டில்தான் ஆசை என்றால் அதையே கற்றுக்கொடுங்கள், பாட்டுக்கு முன் தயாரிப்பு என்று நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் பட்டத்தையும் கச்சேரிப் பட்டியலையும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, முதல் வகுப்பில் குழந்தை தனியாக எத்தனை முறை பாடியது என்பதை. ஆசிரியர் ஒரு வரி பாட, குழந்தை தனியாகத் திருப்பிப் பாட, அவர் கேட்டுத் திருத்த, மறுபடி பாட, இதுதான் வகுப்பு. பதினைந்து பேர் கோரஸாகப் பாடிவிட்டு எழுந்து போகும் வகுப்பில் உங்கள் மகளின் குரலை யாருமே கேட்கப் போவதில்லை. மூன்று நான்கு பேர் இருந்தால் குறையில்லை, குழந்தைகளுக்கு அது உற்சாகமும்கூட. சேரும் முன் "என் குழந்தைக்கு என்ன கட்டை வைத்துச் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். "பாட வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று பதில் வந்தால் நல்ல சகுனம்.

ஆன்லைன் வகுப்பு முடியும், நிபந்தனையோடு. வீடியோ அழைப்பில் ஒலி போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும், அதனால் இருவரும் சேர்ந்து பாடவே முடியாது, தாளமும் ஒன்றாக விழாது. ஆசிரியர் பாடி நிறுத்த வேண்டும், அப்புறம்தான் மாணவர். தம்பூரா மாணவர் பக்கத்தில் ஓட வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, விடாமல் ஒலிக்கும் தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், சில நேரம் நீட்டிப் பாடும் குரலையும் சேர்த்து விழுங்கும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏழு வயதுக்கு முதல் ஆறு மாதமாவது நேரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடிந்தால் நல்லது. நீங்கள் ஆன்லைனிலேயே தொடங்கலாம்.

பாடம் எப்படிப் போகும் என்றால் முதலில் ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், பிறகு கீதம் என்னும் எளிய பாட்டு, அப்புறம் அதைவிடக் கடினமான வர்ணம். ஆரம்ப வரிசைகள் எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில்தான் இருக்கும், இந்த வழக்கத்தைப் பழைய பாடலாசிரியரான புரந்தரதாசர் ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். நல்ல தேர்வு அது. கீழ்பாதியும் (ஸ-ரி-க-ம) மேல்பாதியும் (ப-த-நி-ஸ) ஒரே அமைப்பு, ஒன்றில் இடைவெளி பிடிபட்டால் மற்றதிலும் பிடிபடும். குழந்தைகள் இதைச் சலிக்காமல் பாடுவார்கள். சலிப்பது உங்களைப் போன்ற பெரியவர்களுக்குத்தான், ஏனென்றால் ஐம்பது பாட்டு ஏற்கெனவே காதில் இருக்கும், வாயில் ஸ-ரி-க-ம மட்டும் இருக்கும். அதனால் ஆசிரியரிடம் வெட்கப்படாமல் கேட்டு, வரிசைகளோடு கூடவே எளிமையான பாட்டு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வரிசைகளை விட்டுவிட்டுப் பாட்டுக்குத் தாவுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாரம் இரண்டு வகுப்பு, தினசரி பயிற்சி என்று ஒழுங்காகப் போனாலும் வர்ணத்துக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆவது சகஜம்.

வீட்டில் மகளுக்குப் பதினைந்து நிமிடம் போதும், தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது அதற்கு ஈடாகாது. "இன்னும் பத்து தடவை பாடு" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணாதீர்கள், தப்பை நீங்கள் திருத்தவும் வேண்டாம், அது ஆசிரியர் வேலை.

இருவரும் சேர்ந்து செய்ய ஒன்று இருக்கிறது: தாளம். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு தட்டு வீச்சு, மொத்தம் எட்டு எண்ணிக்கை. நீங்கள் தாளம் போட அவள் பாடட்டும், அவள் போட நீங்கள் பாடுங்கள், பாடுகிறவர் கட்டைக்குத் தம்பூராவை மாற்றிக்கொண்டால் போதும். முதல் காலத்திலிருந்து (மெதுவான வேகம்) இரண்டாம் காலத்துக்குப் (இரட்டை வேகம்) போகும்போது கை வேகமெடுக்கக் கூடாது, ஸ்வரங்கள் மட்டும் இரட்டிக்க வேண்டும். இதில் அப்பாக்கள்தான் முதலில் தடுமாறுவார்கள், குழந்தைக்கு அதில் பரம சந்தோஷம்.

தொண்டை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பாடும்போது வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சளி, கரகரப்பு இருக்கும்போது குசுகுசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் சிரமம்தான், பேசாமலே இருப்பது நல்லது. அடிக்கடி தொண்டையைச் செருமாமல் தண்ணீர் குடியுங்கள். விளையாட்டில் கத்திக் கத்தியே குரல் நாணில் சின்ன முடிச்சு விழும் குழந்தைகள் உண்டு, அதனால் குரல் கம்மியது மூன்று வாரத்துக்கு மேலும் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் பார்த்துச் சொல்லும்வரை வகுப்பில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் போதும் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.