ஏற்காட்டு ஈரத்தில் வளைந்த கியூ ஷாஃப்ட்

தம்பி, ஏற்காட்டுப் பட்டறையில மேப்பிள் மரத்துல கியூ ஷாஃப்டை (பில்லியர்ட்ஸ் பந்தடிக்கிற கோலோட முன்பாதித் தண்டு) ஒரே நாள்ல 13 மி.மீ. வரைக்கும் கடைஞ்சேன், பத்து நாள்ல வளைஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. உங்க கை மேல தப்பில்லைங்க, அவசரந்தான் காரணம்.

கடையும்போது மரத்துக்குள்ள இருந்த இறுக்கம் விடுபடும். மூடுபனி ஈரமும் சேர்ந்தா ஒரு பக்கமா இழுத்துக்கும். ஒரு தடவைக்கு ஒரு மி.மீ.க்கு மேல எடுக்காதீங்க. எடுத்ததும் நூல் கட்டி நேரா தொங்கவிடுங்க, சுவத்துல சாய்க்கக் கூடாது. சில வாரம் போகட்டும், அப்புறம் அடுத்த கடைசல். சேலத்துல இத்தனை வருசம் செஞ்சும் எனக்குப் பிடிக்காத வேலை இந்தக் காத்திருப்புதான்.

அடுத்தது உப்புத்தாள். 220, 320, 400, 600னு வரிசையா போகணும். ஒரு நம்பரைத் தாண்டினா, பாலிஷ் காஞ்சதும் ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, மயிரிழை மாதிரி வட்டக்கோடு தெரியும். நடுவுல ஈரத்துணியால ஒருமுறை துடைங்க. நார் சிலிர்த்து நிக்கும், காஞ்சதும் மறுபடி தேய்ங்க. முகக்கவசம் கட்டாயம், மரத்தூள் நெஞ்சுல இறங்கும்.

எஸ்டேட்ல கிடைக்கிற சில்வர் ஓக் மரம் ஷாஃப்டுக்கு வேண்டாம், மேப்பிளைவிட மெது. வளைஞ்சதைச் சூடு காட்டி நிமிர்த்தாதீங்க, மறுபடி வளையும்.