முதல் தூண்டில் கழிமுகத்தில்

கேள்வி: சிறிய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன், ஓட்டப் புதிது. எட்டு வயது மகளுக்குத் தூண்டில் போடக் கற்றுத்தர எப்படித் தொடங்குவது?

பதில்: கடலுக்கு இப்போது வேண்டாம். கழிமுகத்தின் உள்பக்கமே தாராளம். முகத்துவாரத்தை நெருங்காதீர்கள்; வற்றத்து (கடல்நீர் வடியும் நேரத்து) ஓட்டம் கடற்காற்றோடு மோதினால் அலை செங்குத்தாக எழும்பும். ஏற்றம் (நீர் ஏறுவது) தொடங்கும்போது கிளம்பி, உச்சத்தில் திரும்புங்கள். வற்றத்தில் மணல்திட்டில் தட்டினால் அடுத்த ஏற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஏழு மடங்கு விடுங்கள். அணியத்தில்தான் (படகின் முன்முனையில்) கட்ட வேண்டும். பின்புறம் கட்டினால் எஞ்சின் கனமும் சேர்ந்து தண்ணீர் உள்ளே ஏறும்.

மகளுக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டி, அங்கியின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றுங்கள்.

குழந்தைக்கு ஏற்ற மீன் கிழங்கான். வாய் சிறியது, 8ஆம் எண் தூண்டில் முள், 10 கிராம் ஈயம், சுண்டுவிரல் நகமளவு இறால் துண்டு. இரையைப் பெரிதாகக் கோத்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும்.

கெளுத்தி மாட்டினால் அவள் தொடவே கூடாது. முதுகு முள்ளிலும் பக்க முட்களிலும் நஞ்சு உண்டு. தூண்டில் நூலை வெட்டி விடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வைத்து, மருத்துவரிடம் போங்கள்.