ஆறு பேர், ஒரே பில், சம பங்கு: ஸ்டேக் இரவுக்குப் போவதை நிறுத்திவிடலாமா?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை இரவு ஸ்டேக்ஹவுஸில், அதாவது தடித்த இறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தரும் உணவகத்தில், கூடுவது பல வருட வழக்கம். எவ்வளவு வந்தாலும் பில்லை ஆறாகப் பிரித்துவிடுவோம். நான் குடிப்பதில்லை, சின்னத் துண்டாகத்தான் ஆர்டர் செய்வேன். நான்கு பேர் வைன், டோமாஹாக் என்ற பெரிய ஸ்டேக் என்று போவார்கள். வீட்டுக் கடன் வாங்கியதிலிருந்து இந்தச் செலவு இடிக்கிறது. சில மாதம் கிரெடிட் கார்டில் போட்டு, மினிமம் தொகை மட்டும் கட்டியிருக்கிறேன். போகவே வேண்டாம் என்கிறார் மனைவி. தனித்தனியாகக் கட்டலாம் என்று சொன்னால் கஞ்சன் என்று நினைப்பார்களோ என்று தயக்கம். மொத்த பில்லையும் என் கார்டில் போட்டு, பிறகு வசூல் செய்து, ரிவார்டு பாயிண்டாவது சேர்க்கலாமா?

பதில்: போவதை நிறுத்த வேண்டாம். சம பங்கை நிறுத்துங்கள். இரண்டும் வேறு வேறு விஷயம். மனைவியிடமும் இதைப் பிரித்துச் சொல்லுங்கள், அவருடைய கோபம் நண்பர்கள் மேல் இல்லை, தொகையின் மேல்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. நீங்கள் சாப்பிட்டதன் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் ஆளுக்கு 180-க்குச் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள், இன்னொருவர் 80. மொத்தம் 900, ஆறாகப் பிரித்தால் 150. மாதம் 50 வீதம் கூடுதலாகத் தருகிறீர்கள். 12 மாதத்தில் அது 600, அதாவது உங்களுடைய ஆறு இரவுச் சாப்பாடு. சர்வீஸ் சார்ஜும் டிப்ஸும் பில்லின் சதவீதமாகத்தான் போடப்படும் என்பதால், அடுத்தவர் வைனுக்கான டிப்ஸிலும் உங்கள் பங்கு உண்டு. சில பில்களில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதைப் பார்க்காமல் மேலே டிப்ஸும் வைத்துவிட்டு வருபவர்கள் நிறைய.

உங்கள் நண்பர்கள் சுரண்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். சம பங்கு என்றாலே யாரும் கொஞ்சம் தாராளமாகிவிடுவார்கள். 60-க்கு ஒரு கிளாஸ் வைன் கூடுதலாகச் சொன்னால், சொன்னவர் கையிலிருந்து போவது 10 மட்டுமே, மீதி 50 மற்ற ஐவர் தலையில். யூரி க்னீஸி உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஒரு நிஜ உணவகத்திலேயே சோதித்து, 2004-ல் வெளியிட்டார்கள். ஆறு ஆறு பேராக உட்கார வைத்தார்கள், உங்கள் மேசை மாதிரியே. தனித்தனியாகக் கட்டியவர்கள் சராசரியாக 37 ஷெக்கலுக்கு (இஸ்ரேல் நாணயம்) சாப்பிட்டார்கள், சம பங்கு போட்டவர்கள் 51-க்கு. செலவை ஆய்வாளர்களே ஏற்ற மேசையில் 82. இதில் முக்கியமான தகவல் இன்னொன்று: எப்படிக் கட்ட விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் தனித்தனி என்றார்கள். ஆக, உங்கள் மேசையிலும் நீங்கள் மட்டும் மனதுக்குள் புழுங்குகிறீர்கள் என்று சொல்ல முடியாது. அந்த 80-காரரிடம் பேசிப் பாருங்கள்.

ஆனால் பேசுவதற்கு முன்னால் பழைய பில் ஒன்றை எடுத்து நீங்கள் ஆர்டர் செய்ததை மட்டும் கூட்டிப் பாருங்கள். 'சின்னத் துண்டு' என்கிறீர்கள், அது ஃபில்லே (முதுகெலும்பை ஒட்டிய மிருதுவான சதை) என்றால் கதையே வேறு. விலங்கின் உடலில் ஃபில்லே இருப்பது மிகக் குறைவு, அதனால் கிராம் கணக்கில் அதுதான் பெரும்பாலும் விலை கூடிய துண்டுகளில் ஒன்றாக இருக்கும். டோமாஹாக் என்பது நீளமான விலா எலும்போடு வரும் ரிப்ஐ, அதாவது விலாப் பகுதி இறைச்சி. அதன் எடையில் எலும்பும் சேர்த்தி, பலர் பகிர்ந்தால் தலைக்கு அவ்வளவு வராது. மெனுவில் போட்டிருக்கும் எடை சமைப்பதற்கு முந்தையது, நெருப்பில் கால் பங்குவரை குறைந்துவிடும். உருளைக்கிழங்கு, கீரை, சாஸ் எல்லாம் பல இடங்களில் தனி விலை. ட்ரை ஏஜ்டு என்று இருந்தால் வாரக்கணக்கில் உலர வைத்து, வற்றிய எடைக்கும் வெட்டி எறிந்த மேற்பகுதிக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். செலவு குறைய வேண்டும், சுவை குறையக் கூடாது என்றால் ஹேங்கர், ஃப்ளாட் அயர்ன் போன்ற விலை குறைந்த துண்டுகளைக் கேளுங்கள்.

சரி, எப்படிச் சொல்வது? பில் வந்த பிறகு வாயைத் திறக்காதீர்கள். அப்போது சொன்னால், சாப்பிட்டு முடித்தவர்களின் தட்டை எண்ணிய மாதிரி ஆகிவிடும். இரண்டு நாள் முன்பே குரூப்பில், 'வீட்டுக் கடன் ஓடுகிறது, இனிமேல் நான் சாப்பிட்டதை நான் கட்டிவிடுகிறேன், வருவதில் மாற்றம் இல்லை' என்று போடுங்கள். காரணம் ஒரு வரி போதும், மன்னிப்பு வேண்டாம். உட்காரும்போதே பரிமாறுபவரிடம் தனி பில் சொல்லிவிடுங்கள், ஆர்டரைப் பதியும்போதே ஆள் வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள், கடைசியில் கேட்டால்தான் அவர்களுக்குச் சிரமம். தனி பில் என்பது மேசைக்கு ஒட்டவில்லை என்றால், சாப்பாடு சம பங்கு, மதுபானம் குடித்தவர்களுக்குள் என்று வையுங்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி பெரும்பாலும் பாட்டிலில்தான் இருக்கும், வாங்கிய விலையைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு உணவகங்கள் வைன் விற்பது சகஜம். இரண்டுக்கும் அவர்கள் ஒத்துவரவில்லை என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது வைன் அல்ல, 'மினிமம் தொகை மட்டும்' என்ற வரி. கார்டில் பழைய பாக்கி இருக்கும்போது, பெரும்பாலான கார்டுகளில் புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வெள்ளி இரவு தேய்த்ததற்கு அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். வீட்டுக் கடன் வட்டியை விட இது பல மடங்கு. எனவே பாக்கி முழுவதும் அடையும்வரை ஸ்டேக் இரவுக்கு கார்டு எடுத்துப் போக வேண்டாம். மாதச் சம்பளம் வந்ததும் தவணை, வீட்டுச் செலவு, சேமிப்பு எடுத்துவிட்டு மிஞ்சுவதில், இந்த இரவுக்கு இவ்வளவு என்று மனைவியும் நீங்களும் ஒரு தொகை பேசி முடிவு செய்து, அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அங்கே பணம் இருந்தால் போங்கள், இல்லாத மாதம் சாப்பாட்டுக்குப் பிறகு காபிக்கு மட்டும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். நண்பர்களுக்கு வேண்டியது உங்கள் அரட்டைதானே.

ரிவார்டு பாயிண்ட் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பாக்கி வைத்திருப்பவருக்கு பாயிண்ட் என்பது ஒன்று வாங்கி, வட்டியாகப் பத்து கொடுக்கும் வியாபாரம். அதற்கு மேல், ஐந்து பேரிடம் வசூல் செய்யும் வேலையும் உங்கள் தலையில் விழும். ஒருவர் மறந்துவிட்டால் அவருடைய டோமாஹாக்குக்கும் நீங்கள்தான் வட்டி கட்டுவீர்கள். கார்டு பாக்கி பூஜ்யமான பிறகு, அதுவும் மேசையை விட்டு எழும் முன்பே ஐவரும் பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்றால், அப்போது தாராளமாகச் செய்யுங்கள்.